நல்ல சாதி

பீல் நகரில் பனி பாதி கரைந்த மார்ச்.
வலக்காதுக்குள் ஒரு பயறளவு.
மெழுகென்று ஆறு மாதம் எண்ணெய் விட்டேன்;
மெழுகு சுரக்கும் சுரப்பியே தடித்திருந்ததாம்.

டாக்டர் ஏஷ்லிமான் துணுக்கு கிள்ளி
பேர்னுக்கு அனுப்பினார்.
பதினொரு இரவு
நல்ல காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தேன்,
ஒன்றும் கேளாதிருக்க.

அறிக்கையில் ஒரே சொல்: குட்ஆர்டிக்.
மொழிபெயர்க்க வந்த நிரோஜா
கொஞ்சம் யோசித்து,
"நல்ல சாதியாம், அக்கா."
கட்டிக்குமா?
சிரித்ததில் காதுக்குள் குழல் இடித்தது.
டாக்டர் சிரிக்கவில்லை:
"நல்லதென்றாலும் சுற்றுத்தோலோடு வெட்டவேணும்.
மிச்சம் விட்டால்
திரும்ப வளரும்."

நிரோஜா இதை
ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

ஏப்ரல் கடைசியில் திரியை உருவினார்கள்.
வலக்காதில் முதலில் கேட்டது
அவர் கையுறை கழற்றிய
சடக்.