எண்பது டிகிரி

சவுனாவில் இன்று எனக்கு இடமில்லை.
மேல்பலகையில், நான் வியர்க்கிற மூலையில்,
ஒட்டிய குச்சிகள் மூன்று ஜோடி தொங்குகின்றன.
ஒவ்வொன்றின் காலிலும் நாலு கிலோ:
என் மீன்பிடி ஈயம், அவளுடைய இரும்புச் சட்டி,
ஒரு பை உருளைக்கிழங்கு.

வெளியே இலொமன்ட்சி, மைனஸ் இருபத்தேழு.
உள்ளே எண்பது.
"ஜூலை வெயிலில் இறக்கை இவ்வளவு சுடாது.
ஆனால் சுடும்" என்கிறாள் கெர்த்து,
துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு.
பல் கட்டுகிறவள்.
வாய்க்குள் எது நிற்கும், எது நிற்காது என்று அறிந்தவள்.

முதலில் போனது வெள்ளைப் பசை,
விருந்தில் தூங்கிவிட்ட மச்சான்
நாற்காலியில் சரிவதுபோல, சத்தமே இல்லாமல்.
எபாக்சி விழவில்லை. ஒரு மயிரிழை நகர்ந்தது.
மயிரிழை போதும் என்று பென்சிலால் அடித்தாள்.
ரிசார்சினால் மட்டும்
காய்ந்த ரத்த நிறத்தில் ஒரு கோடாக,
உருளைக்கிழங்கின் தோல் சுருங்கும்வரை நின்றது.

அடுத்தது உடைத்துப் பார்ப்பது.
தேதி எழுதிய சாட்சித் துண்டுகள்,
ஒட்டிய நாளுக்கு ஒன்று.
வைஸில் இறுக்கி ஒரே அடி.
மரம் கிழிந்தால் பசை ஜெயித்தது.
வழவழவென்று பிரிந்தால்
ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நவம்பர் பதினொன்றின் துண்டு
சுத்தியல் தொட்டதுமே கைவிட்டது.
இரண்டு முகமும் கண்ணாடி. ஒரு நார்கூட இல்லை.

நவம்பர் பதினொன்று.
அன்றிரவு கராஜ் ஹீட்டரை அணைத்தது நான்,
கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு.
காலையில் அவள் எழுமுன் திரும்பப் போட்டேன்.

சொன்னேன்.

அவள் திட்டவில்லை.
அந்தத் தேதியில் ஒட்டிய விலாக்கள் ஒன்பதையும் இறக்கி
முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக முறித்தாள்.
மூன்று கோட்டில் பிரிந்தன.
ஆறு நன்றாகத்தான் இருந்தன.
முறித்தால்தான் தெரியும்;
தெரிந்தபின் அதை வைத்து என்ன செய்ய?
"அடுப்பில் போடாதே, பசைப் புகை" என்றாள்.
சனிக்கிழமை வரை அவ்வளவுதான் பேச்சு.

விமானத்தில் ஒரே இருக்கை. அவள் இடுப்புக்கு அளவெடுத்தது.
எனக்கு அதில் வேலையில்லை என்றிருந்தேன்.
இப்போது இரவு இரண்டு மணிக்கு எழுந்து
பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனியில் நடந்து போய்
தெர்மாமீட்டரைப் பார்க்கிறேன். இருபத்திரண்டு.
கொஞ்சம் நின்று
இன்னொரு முறை பார்க்கிறேன்.