மஸ்கெலியாவிலிருந்து கட்டுநாயக்க போகிறவர்களுக்கு

விமானம் விடிய நாலு மணிக்கு என்றால்
வேன் முதல்நாள் பின்னேரம் ஆறுக்கு.
மலிவு டிக்கட் எல்லாம் சாமத்தில்தான் பறக்கும்.
ஏன் என்று நானும் கேட்டதில்லை.

முதலில் பெட்டி.
கையில் ஏழு கிலோ, விமானத்தின் வயிற்றுக்குள் இருபது.
நிறுத்துப் பார்க்கக் கொழுந்து மடுவத்துக்குக் கொண்டுபோங்கள்,
கணக்கப்பிள்ளை இல்லாத நேரமாய்.
அந்தத் தராசைத்தான் உங்களுக்குத் தெரியுமே:
சாக்குக்கு இரண்டு, மழைத்தண்ணிக்கு ஒன்று என்று
கழித்தே பழகினது.
விமானக் கவுன்டரில் கழிக்க மாட்டார்கள்.
அங்கே சாக்கும் பாரம், ஈரமும் பாரம்,
பெட்டிச் சில்லும் பாரம்.
பதினெட்டைத் தலையில் தொங்கவிட்டு மலை ஏறினவர்களுக்கு
இருபத்தொன்று என்பதை
சிவப்பு எழுத்து சொல்லத் தேவையில்லை.
தூக்கும்போதே தெரிந்திருக்கும்.

கினிகத்தேனை வளைவுக்கு முன்
ஆளுக்கொரு ஷொப்பிங் பேக் தருவேன்.
வெட்கப்பட வேண்டாம்.
பாஸ்போட்டை மட்டும் மடியில் வைக்காதீர்கள்.
கித்துள்கலயில் இருபது நிமிஷம்.
தேத்தண்ணி வாங்குகிறவர்கள் வாங்கலாம்;
உங்கள் கை பறித்த கொழுந்தாக இருக்காது,
தூள் அது, சீனிதான் தூக்கிப்பிடிக்கும்.
அங்கேதான் கடைசிக் குளிர்.
சுவெட்டரைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.
அரைக்கிலோ மிச்சம்.

கண்ணாடிக் கதவு மட்டும் எனக்குத் தெரியும்.
அதற்கு அப்பால் நான் போனதில்லை.
பதினோரு வருஷமாய் வாரத்துக்கு மூன்று தடவை
அந்தக் கதவைப் பார்த்திருக்கிறேன்,
ஆள் வந்தால் தானாகத் திறக்கும்,
நான் கிட்டப் போனாலும் திறக்கத்தான் செய்கிறது,
காவல்காரன்தான் டிக்கட் கேட்கிறான்.
இனிச் சொல்வதெல்லாம் திரும்பி வந்தவர்கள் சொன்னது:
உள்ளே தண்ணீருக்குக் காசு.
போர்வைக்குக் காசு.
பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் காசு.
ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு.
ஜன்னலே இல்லாத காம்பராவில் பிறந்தவர்களுக்கு
இதில் நட்டமொன்றும் இல்லை என்று
ஒருத்தி சொல்லிவிட்டு
அவிசாவளை வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

சாமிமலை ரஞ்சிதமலர் கதையையும் சொல்லவேண்டும்.
பெட்டிக்குள் அம்மிக்குழவி.
ஓமானில் சம்பல் அரைக்கவாம்.
நாலு கிலோ கூட என்றார்கள், காசு கட்டு என்றார்கள்.
வெளியே ஓடிவந்து
என் வேனின் வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்தாள்.
குழவியைத் தருவாள் என்று கை நீட்டினேன்.
சேலைகளை எடுத்துத் தந்தாள்.
புதுச் சல்வார், இரண்டு துவாய், செருப்பு,
ஏஜென்சிக்காரன் கட்டாயம் என்று சொன்ன கறுப்பு அங்கி,
எல்லாம் என் கையில்.
குழவியோடு உள்ளே போனாள்.

மறுநாள் அவள் லயத்தில் இறக்கிக் கொடுத்தேன்.
புருஷன் அருளப்பன் ஒவ்வொன்றாய் விரித்துப் பார்த்து,
"அப்ப எதத்தான் கொண்டுபோனா?" என்றான்.
சொன்னேன்.
நடுவீட்டில் கிடந்த அம்மியைப் பார்த்தான்.
அதுவரை அவன் கவனிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு
அவளைக் கூட்டிவரப் போனதும் நான்தான்.
பெட்டியைத் தூக்கி வைத்தேன், லேசாக இருந்தது.
"குழவி எங்க?"
"அங்க ஒருத்தி இருக்கா, கண்டிக்காரி, சிங்களம்.
அவளும் அரைக்கணுமே."
கினிகத்தேனை வரை தூங்கினாள்.

மற்றவர்கள் அப்படி இல்லை.
பெரும்பாலும் முதலில் வெளியே வருவது தேயிலைப் பைக்கட்டுதான்.
துரை வீட்டு அம்மாவுக்கு, அரபி முதலாளிக்கு என்று
கட்டிக்கொண்டு வந்தது.
திருப்பிக் கொடுத்தால் வீட்டார் வாங்குவதில்லை,
"நீங்களே குடிங்க டிரைவர்" என்பார்கள்.
எங்கள் வீட்டில் தேயிலை வாங்கிக் கனகாலம்.

அட்வான்ஸ் பாதி.
மீதியை நோர்வூட் தாண்டினதும் தந்தால் போதும்.
போர்டிங் அட்டையை வீட்டிலேயே பிரின்ட் எடுங்கள்,
அங்கே எடுத்தால் அதற்கும் காசு.
மழை என்றால் அரைமணி முந்தி வருவேன்.
ஹோர்ன் அடிக்க மாட்டேன், பிள்ளைகள் எழும்பிவிடும்.
வாசலில் டோர்ச்சை இரண்டு தரம் காட்டுங்கள்.