ஆறில் ஒன்று

கொட்டாஞ்சேனையில் பகல் முழுக்கப் பல் கட்டுகிறேன்.
பிறர் வாய்க்குள் போகிற வேலை,
மயிரிழை உயர்ந்தாலும் மறுநாளே திரும்பி வரும்.
ஆறு மணிக்குப் பிறகு
அதே மெழுகு, அதே துரப்பணம், அதே பூதக்கண்ணாடி.
தட்டில் மட்டும் பல்லுக்குப் பதில்
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஜாக்கி.
பிடியைச் சுற்றினால் உயர வேண்டும்.

டாங்கி என்னுடையதல்ல.
தெஹிவளையில் நிலூக என்ற வங்கிக்காரர்
காரை மழையில் விட்டு
கராஜுக்குள் இதை வைத்திருக்கிறார்.
ஆறில் ஒன்று அளவு,
இரண்டு பேர் தள்ளினாலும் அசையாது.
நான் போன அன்று பீரங்கிக் குழாயில்
அவர் மனைவி துவாய் காயப்போட்டிருந்தாள்.
"எல்லாம் வேலை செய்ய வேண்டும், மிஸ்.
பார்வைக்கு மட்டும் என்றால்
சீனாவிலிருந்து எடுத்திருப்பேன்."

பஞ்சிகாவத்தையில் ஒரு மில்லிமீட்டர் திருகாணி கேட்டேன்.
பஸ் எஞ்சின் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தவர்
"அதுக்குப் பேர் தூசு" என்றார்.
கெய்சர் வீதியில் மூக்குக்கண்ணாடி திருத்துகிற இக்ராம்
முப்பது எண்ணி
ஒட்டுநாடாவில் வரிசையாக ஒட்டித் தந்தார்.
தும்மினால் காசு திருப்பித் தரமாட்டாராம்.

மண்வெட்டிக் கொளுக்கிக்குப் படம் அனுப்பவா என்று
நிலூக கேட்டார்.
வேண்டாம் என்றேன்.
பதினாலு வயதில் ஒருதரம்
கைகளைத் தலையில் வைத்தபடி
அதன் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.
மேலே இருந்தவர்களின் முகத்தைப் பார்க்காமலிருக்க
பக்கவாட்டைப் பார்த்தேன்:
மண்வெட்டி, கோடரி, சங்கிலி,
ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி.
எஞ்சின் நின்ற பிறகும் வாளி ஆடிக்கொண்டிருந்தது.
பிடி அறுந்த இடத்தில் கம்பி சுற்றியிருந்தார்கள்,
எங்கள் கிணற்று வாளிக்கு நாங்கள் சுற்றியதைப் போலவே.
கொளுக்கி எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மட்டும்
நிலூகவிடம் சொன்னேன்.
எப்படித் தெரியும் என்று அவரும் கேட்கவில்லை.

பெட்டி பூட்டியது. கொளுக்கி விட்டது.
கிற்றார் தந்தி முறுக்கிய இழுவைக் கயிறு
ஒரு செங்கல்லை மேசையின் இந்தக் கரையிலிருந்து
அந்தக் கரைக்கு இழுத்தது.
தண்ணீர்க் கானில்தான் மாட்டிக்கொண்டேன்.
பித்தளைத் தகடு, வெள்ளி ஒட்டு,
கையுறை ரப்பரில் வெட்டிய வளையம்,
குண்டூசி நுழைகிற குழாய்.
நிரப்பித் திறந்தேன்.
வாயில் ஒரு துளி வந்து நின்றது.
அவ்வளவுதான். விழவில்லை.
இரவில் எங்கள் சமையலறைக் குழாயில் சொட்டுகிற
அதே பருமன்.

இரும்பு குறைகிறது, தோல்வார் குறைகிறது,
கயிற்றின் புரியைக்கூட எண்ணிக் குறைக்கலாம்.
தண்ணீர் ஆறில் ஒன்றாக மாட்டேன் என்கிறது.
கடற்காற்றில் ஏறுகிற துருவும்
அளவுகோல் பார்ப்பதில்லை.
வேறு சிலவும் உண்டு.
அவற்றை யாரும் செய்து கேட்கவில்லை.

"சாராயம் ஊற்றிப் பாருங்கள், மிஸ்,"
போனில் சிரித்தார் நிலூக.
என்னிடம் ஏது சாராயம்.
மேல்மாடி பெனடிக்ற் அண்ணனிடம் ஒரு மூடி கேட்டேன்.
எதற்கென்று சொன்னதும் இரண்டு மூடி தந்தார்,
ஒன்று கானுக்கு, ஒன்று எனக்கு.
திறந்தேன்.
வந்தது! நூல்போல, வளைந்து, நிற்காமல்.
மறுநாள் கடைவாய்ப் பல் அளவுக்கு வந்த சிஸ்டர்
அறையை ஒருமுறை முகர்ந்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்தார்.

நிலூகவுக்குப் போனது இரண்டாவது ஜாக்கி.
முதலாவதன் அடித்தட்டு அரை மில்லிமீட்டர் பிழை.
வீட்டில் என் அலுமாரிக்குப் பின்கால் ஒன்று குட்டை,
வருடக்கணக்காய்க் கடதாசி மடித்துச் செருகியிருந்தேன்.
அதை எடுத்துவிட்டு ஜாக்கியை வைத்தேன்.
மூன்று சுற்று.
இத்தனை நாள் சாத்தாத கதவு
தானாகப் போய்ச் சாத்திக்கொண்டது.
துறைமுகத்தில் கொள்கலன் இறங்குகிற இரவுகளில்
இன்னும் அரைச் சுற்றுக் கேட்கிறது.