இருபது டிகிரி

வண்ணார்பேட்டைப் பாலத்தில் வண்டி சறுக்கிய பிறகு
என் வலக்கை தட்டையாகக் கவிழ்வதில்லை.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிசியோ பொற்கனி
பாகைமானி பிடித்துப் பார்த்துச் சொன்னாள்:
"இருபது டிகிரி நிக்கிக்கா. இனி எறங்காது."

தக்காளி நசுங்கி நசுங்கி, கடைசியில்
ஜங்ஷனில் இசக்கியப்பன் கடைக்குப் போனேன்.
கம்பி, கிளாம்ப், நாலு கல்,
கோணம் வைக்க ஒரு திருகு.
"கை ஆடினாலும் கத்தி ஆடாது பாத்துக்கிடுங்க."
மூவாயிரத்து எழுநூறு.
வெறும் கல், ஒரு பக்கம் நானூறு, மறுபக்கம் ஆயிரம்:
ஐநூற்றி இருபது.
கல்லே போதும் என்றேன்.
சிக்கனம் இல்லை, அந்த "ஆடினாலும்".

வாளியில் போட்டதும் கல்
தாமிரபரணியைக் குமிழ் குமிழாய்க் குடித்து
ஒரு கட்டத்தில் போதும் என்றது.

கத்தியின் ஓரத்தில் கருப்பு மார்க்கர் பூசி
வலக்கையால் ஒரு தள்ளு.
மை போயிருந்தது,
பிடியிலிருந்து முனைவரை, ஒரே கோடாக.
இன்னொரு தள்ளு. அதே கோடு.
எறங்காத கை
இறங்காமலே நின்றது.
இருபது தள்ளலில் மறுபக்கம் பிசிறு எழுந்து
பெருவிரலில் மெல்ல மாட்டியது.

மறுபக்கத்துக்கு இடக்கை.
ஒன்றும் ஆகாத கை.
அதுதான் ஆடியது.
மை திட்டுத் திட்டாய்,
கோடை மழை நனைத்த தார்ரோடு மாதிரி.

இன்று காலை தக்காளி சத்தமில்லாமல் பிளந்தது.
நேராக அல்ல:
கத்தி கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கிறது,
பாலத்தில் வண்டி இழுத்த அதே பக்கம்.
பலகையை அரை விரற்கடை திருப்பி வைத்து
ரசத்துக்கு நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.