உடைந்த நாட்கள்

நாணல் குச்சிகள். முழங்கை நீளம்கூட இல்லை.
இருபத்தொன்று எண்ணி
மான்தோல் வாரில் இறுக்கிய கட்டு.
இதே அளவில் இன்னொரு கட்டு
நோகஸ் எமாத்லாவின் வீட்டு இறவாணத்தில்.
விடிந்ததும் ஒன்றை உருவி எறிய வேண்டும்.
கடைசிக் குச்சி விழுகிற பகலில்
ஓக்கோனி ஆற்றங்கரையில் இரு தரப்பும் உட்காரும்.
என் தாயின் ஊரில் இதற்குப் பெயர்
உடைந்த நாட்கள்.

கமிஷனர் ட்ரெஸ்காட் கட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார்.
விளக்கினேன். தலையாட்டினார்.
மூன்றாம் நாள் காலை அவருடைய சமையற்காரன்
ஈர விறகைத் திட்டிக்கொண்டே
மிச்சமிருந்த பதினெட்டு நாட்களையும்
அடுப்பில் செருகி ஊதினான்.
நன்றாகக் காய்ந்த நாட்கள்,
உடனே பற்றிக்கொண்டன.
காப்பி கொதித்தது.
நானும் ஒரு குவளை குடித்தேன்.

அப்பன் ஸ்காட்லாந்துக்காரன், தோல் வியாபாரி.
ஈனஸ் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான்.
அம்மா காற்றுக் குலம்; ஆகவே நானும் காற்று.
எந்தப் பக்கம் வீசினாலும் கூலி உண்டு.

இரண்டு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தோம்.
நானூறு பேர் காத்திருந்தார்கள்.
கொண்டுவந்த சோளம் தீர்ந்து
குழந்தைகள் ஆற்றில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தன.
'உங்கள் கட்டில் குச்சி கூடுதலோ?'
என்று கேட்டார் எமாத்லா.
வழியில் வெள்ளம் என்றேன்.
அவர் திரும்பி ஆற்றைப் பார்த்தார்.
அந்தக் கோடையில் அது
கணுக்காலை நனைக்கவே யோசித்துக்கொண்டிருந்தது.

ஒன்றும் சொல்லவில்லை.
சங்கில் கறுப்புக் கஷாயம் வந்தது.
கமிஷனர் பாதியைக் குடித்து
பாதியை மீசைக்குக் கொடுத்தார்.

பிறகு குமாஸ்தா படித்தான், நான் சொன்னேன்.
'என்றென்றைக்கும்' என்று பதினோரு இடத்தில் இருந்தது.
முதலில், வெகு காலம் என்றேன்.
அடுத்து, புல் முளைக்கிற வரை.
ஐந்தாவது முறை வந்தபோது இருமினேன்.
'விற்கிறோம்' இன்னும் கஷ்டம்.
தோலை விற்கலாம், குதிரையை விற்கலாம்,
எங்கள் பேச்சில் நிலத்தின்மேல் அந்த வினைச்சொல் உட்காராது,
மீனுக்குச் சேணம் கட்டியதுபோல வழுக்கும்.
'வழி விடுகிறோம்' என்று சொல்லிவைத்தேன்.
கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள்.
வழிதானே.

வரைபடத்தை விரித்து அழுத்திப் பிடித்த
குமாஸ்தாவின் கட்டைவிரல்
என் அக்காள் ஹேப்ஸியின் சோளக்காட்டை
முழுசாக மூடியிருந்தது.
விரலை எடுத்தபோது அங்கே
கொஞ்சம் மை.

ஈடாகக் கடைக் கணக்கு ரத்து:
ஊர்கள் பட்ட கடன், ஆறாயிரம் மான்தோல்.
அடிக்கோல் வைத்து நேராக அடித்தான்.
கடைசிப் பக்கத்தில் என் பெயர், நாற்பது தோல்.
அதையும் அடித்தான்.
அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

எமாத்லா இறகுப் பேனாவைத் தொட்டார்,
தொட்டதே கையெழுத்து.
எழுந்தவர் மடியிலிருந்து ஒரு குச்சி எடுத்தார்.
இரண்டு நாளாக எறியாமல் வைத்திருந்த குச்சி,
பிடித்துப் பிடித்து நடுவில் வழவழத்திருந்தது.
'அவரிடம் கொடு. அவருக்கு நாள் போதவில்லை.'
என்ன சொல்கிறார் என்றார் கமிஷனர்.
நினைவுப் பரிசு என்றேன்.
அவர் மகிழ்ந்து பையில் போட்டுக்கொண்டார்.

மறு வாரம் அளவைக்காரர்கள் வந்தார்கள்.
இரும்புச் சங்கிலி, அறுபத்தாறு அடி,
இழுக்கும்போது வெள்ளிக் காசுபோல ஒரு சத்தம்.
முன்னால் நடந்து பாதை காட்டுவது என் வேலை.
ஹேப்ஸியின் அவரைக்கொடிகள் தெரிந்த இடத்தில்
அவள் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள்.
நான் காலில் முள் என்று குனிந்தேன்.
வெகு நேரம்
தேடிக்கொண்டிருந்தேன்.