பொருந்தவில்லை

மாங்குளம் சந்தியில்
உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைக்கு மேலே என் அறை.
கீழே கிரீஸ் மணம். மேலே இரண்டு திரை.
லண்டனில் பின்னேரம் என்றால் எனக்கு நடுச்சாமம்.
யாழ்ப்பாணம் போகும் கடைசி பஸ்
யன்னலை ஒருமுறை உலுக்கிவிட்டுப் போகும்.
அதன் பிறகு ஆட்கள் வருவார்கள்,
கோப்புகளாக.

எல்லோரும் ஒரே ஆள்.
அந்த நாணயத்தை ஆக்கியவன் நான்தான் என்பவர்கள்.
கெஸ்ட்ரல் என்ற பெயரில் இரண்டு வருசம் கடிதம் எழுதி
போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல்
நிறுத்திக்கொண்ட ஒருவன்.
இதுவரை பதினாலு கெஸ்ட்ரல் பார்த்தாயிற்று.

பேர்த்திலிருந்து ஒருவர் சத்தியக் கடதாசி அனுப்பினார்,
சிவப்பு மெழுகு முத்திரையோடு.
இன்னொருவரின் திட்டவரைவு 2008இல் எழுதியதாம்;
அதன் எழுத்துரு பிறந்ததோ 2012இல்.
காணி அலுவலகத்தில் ஆறு வருசம் இருந்தவள் நான்.
கள்ள உறுதிக்குக் கடதாசி பழசு, மை புதுசு.
மற்றவர், பழைய பரிமாற்றம் ஒன்றின் ஒப்பத்தை வெட்டிப்
புது வசனத்தின் கீழே ஒட்டியிருந்தார்.
நல்ல கைவேலை.

எனக்கு வேண்டியது ஒரு வரி.
இன்றைய பத்திரிகையில் எதையாவது எடு,
முதல் நாணயத்தைப் பூட்டிய சாவியால் அதில் ஒப்பமிடு.
கிராம அலுவலர் வேண்டாம், சமாதான நீதவான் வேண்டாம்,
என்னை நம்பவும் வேண்டாம்.
கணக்கே சொல்லும், ஓம் அல்லது இல்லை.
அந்த ஒரு வரியைத் தவிர
எல்லாம் அனுப்புவார்கள்.

பதினைந்தாவது, படியேறி வந்தது.
பகல் பதினொரு மணி. ஒட்டுசுட்டானில் இருந்து.
"நான் கௌசலாதேவி. நானில்லை, என்ர தம்பி.
நிமலரூபன்."
பையில் ஒரு சி.ஆர். கொப்பி, ஊறிக் காய்ந்தது.
பகா எண்கள். அம்புக்குறிகள்.
அம்புக்குறிகளை வெட்டிப்போட்ட அம்புக்குறிகள்.
"அவர் ஏன் நிப்பாட்டினவர் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.
இவனும் சொல்லேல்லை."

முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி விடுவானாம்.
கெஸ்ட்ரலும் விடுவான்.
எனக்கு ரைப்பிங் படிப்பித்த ரீச்சரும் விடுவா.
கெஸ்ட்ரல் நித்திரை கொண்ட நேரம் எங்கள் மத்தியானம், அக்கா.
"இவன் இரவிரவா முழிச்சிருக்கிறவன்."

கடைசியா எப்ப கண்டனீங்கள்?
"ஒன்பதாம் ஆண்டு சித்திரை. வலைஞர்மடம்.
தண்ணி எடுக்கப் போனவன்."

அவள் என்னைக் கேட்கவில்லை, நீ அப்போது எங்கே என்று.
இந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்பதில்லை.

ஆயுதத்தை எடுத்தேன்.
பதினாலு பேரைச் சாய்த்த அதே ஆயுதம், தேதி.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
"பாருங்கோ, கெஸ்ட்ரலின்ர கடைசிக் கடிதம்
2010 மார்கழி பதினொண்டு.
அதுக்குப் பிறகுதான் ஆள் இல்லை.
அப்ப தம்பியா இருக்க ஏலாது..."

வசனம் முடியுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது.
அவள் விரல் ஏற்கெனவே கண்ணாடியில்,
பதினொன்றின் மேல்.

"மார்கழி மட்டும் இருந்திருக்கிறான்."

அப்பிடியில்லை அக்கா என்று தொடங்கினேன்.
கீழே யாரோ சில்லு ஒன்றைச் சுத்தியலால் அடித்தார்கள்.
அடித்து முடியட்டும் என்று நின்றேன்.
முடிந்தது. நான் திரும்பத் தொடங்கவில்லை.

அறிக்கை எழுதினேன்: பொருந்தவில்லை.
என் ஒப்பம், இலக்கம், இறப்பர் முத்திரை.
அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள், கோபமில்லை.
"தேதி இருக்கிற பக்கம் மட்டும்
இன்னொரு பிரதி தாங்கோ, பைலில வைக்க."
எந்தப் பைல் என்று நான் கேட்கவில்லை.
மை முடியும் தறுவாய்; மார்கழி மங்கலாய் வந்தது.
இரண்டாம் தரம் அடித்துக் கொடுத்தேன்.
அதை நான் கொடுத்திருக்கக்கூடாது.
லண்டன்காரருக்கு இதை எழுதவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை அழைப்பாள்,
முதல் நாணயங்களைப் பற்றி, அந்த
ஒருவரும் தொடாத குவியலைப் பற்றி.
"அசைஞ்சதோ?"
இல்லை அக்கா. ஒண்டுகூட.
"அசையாது," என்பாள். கொஞ்சம் பெருமை அந்தக் குரலில்.
"கடைக்கு விட்டாலும்
மிச்சக்காசை அப்பிடியே கொண்டுவந்து தாறவன்."