எலும்பின் தலையெழுத்து

குஷிரோ துறைமுகத்து மூடுபனி
பகல் பதினொரு மணிக்கும் எழுந்து போகவில்லை.
ஹிராக்கி எலும்பு மருத்துவமனையின் முன்மேசையில்
பழைய மேசைக்கணினி,
அதன் எதிரே நான்.

"எங்கள் எலும்பு விலகிவிட்டது" என்று
தொலைபேசியில் சொன்னார் மருத்துவர்.
தவறான எண் என்று வைக்கப் போனேன்.

எலும்பு என்ற எழுத்தைச் சொன்னாராம்.
அதன் தலைக்குள் ஒரு சின்ன மூலை உண்டு.
ஜப்பானில் அது வலப்பக்கம் ஒதுங்கும்,
சீனத்தில் இடப்பக்கம்.
அவ்வளவுதான் வித்தியாசம்,
கொசு உட்கார்ந்து எழுந்த அளவு.
ஆனால் முப்பத்தொரு வருடமாகப்
பிசகிய தோளைத் தடவியே கண்டுபிடிக்கிறவர்,
தலையெழுத்து என்று விட்டுவிடுவாரா?
"யார் இதற்கு இப்படிக் கட்டுப் போட்டது?"

யாருமில்லை, டாக்டர்.
கணினிக்கு எலும்பு என்றால் ஓர் எண்:
ஒன்பது, ஏ, ஏ, எட்டு.
இரண்டு நாட்டுக்கும் ஒரே கதவிலக்கம்.
முகத்தை எழுத்துரு கொடுக்கும்.
எந்த மொழி என்று யாரும் சொல்லாவிட்டால்
வரிசையில் முதலில் நிற்பது வந்து
தன் முகத்தை மாட்டிவிட்டுப் போகும்.
போன வாரம் இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது
வரிசை கலைந்திருக்கிறது.

இவ்வளவையும் விளக்கி முடிக்கும்வரை
என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நீ எப்போதும் இடப்பக்கமாகப் படுக்கிறாய்" என்றார்.

நான் முதலில் செய்தது முட்டாள்தனம்.
சீன எழுத்துருவை வேரோடு பிடுங்கினேன்.
எலும்பு வலப்பக்கம் திரும்பிக்கொண்டது.
பணத்தை வாங்கிக்கொண்டு
இரண்டு மணி ரயிலைப் பிடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஜௌ சுன்யான் வந்திருக்கிறாள்.
மீன் ஆலையில் பயிற்சித் தொழிலாளி,
கணவாய்ப் பெட்டி சரிந்து மணிக்கட்டு முறிந்தவள்.
அவளுக்கென்று அச்சிட்ட சீனக் குறிப்புத்தாளில்
எழுத்திருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளைக் கட்டங்கள்.
எங்கள் தொழிலில் இவற்றை டோஃபு என்போம்.
வரவேற்பில் இருக்கும் மினேகோ எண்ணியே விட்டாள்:
அறுபத்திரண்டு டோஃபு,
நடுநடுவே தப்பிப் பிழைத்த சில சொற்கள்.
நாள். கை. நீர்.
அப்புறம் எலும்பு.

கட்டங்களைப் பற்றி சுன்யான் ஒன்றும் சொல்லவில்லை.
எலும்பைத்தான் விரலால் தொட்டு,
தனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் கேட்டாளாம்:
"இது ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறது?
என் கையும் இப்படித்தான் சேருமா?"

மறுபடி ரயில். மறுபடி மூடுபனி.
பிடுங்கியதைத் திரும்ப நட்டேன்.
அமைவுக் கோப்பைத் திறந்து
இந்த முறை அவசரமில்லாமல் எழுதினேன்:
மொழி ஜப்பானியம் என்றால் இந்த முகம்,
சீனம் என்றால் அந்த முகம்,
ஒன்றும் சொல்லாமல் வந்தால்...
அங்கே விரல் நின்றுவிட்டது.

மருத்துவரிடம் கேட்டேன்.
ஒரு மீனவரின் முழங்காலை அழுத்தியபடியே
"முதலில் விசாரி" என்றார்.
கணினி விசாரிக்காதே, டாக்டர்.
"அப்படியானால் மினேகோ விசாரிப்பாள்."

நோயாளிப் படிவத்தில் பெயருக்குக் கீழே
ஒரு பெட்டி சேர்த்தேன்: எந்த மொழியில் வாசிப்பீர்கள்?
காலியாக விட்டால் ஜப்பானியம்தான்.
அது நியாயமா என்று இன்னும் தெரியவில்லை.

சோதனைக்கு இரண்டு தாள் அச்சிட்டோம்.
மருத்துவரின் பிரதி, சுன்யானின் பிரதி.
மினேகோ அவற்றை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
இரண்டு எலும்பும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டின.
அவள் ஒரு கணம் யோசித்து
தாள்களை இடம் மாற்றி வைத்தாள்.
இப்போது முகம் பார்த்தன.

ரயில் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டேன்.
அன்றிரவு வலப்பக்கமாகப் படுத்துப் பார்த்தேன்.
தூக்கம் வரவில்லை.